பரிசு வாங்கிய சுவரொட்டியும் பையில் கிடந்த லைட்டரும்: ஒரு தாயின் கடிதத்துக்கு மனநல மருத்துவரின் பதில்

பெயர் வெளியிட விரும்பாத தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு 15 வயது. மகன் படிக்கும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இவரும் ஒரு பொறுப்பாளர். புகையிலை எதிர்ப்பு தினத்துக்காகப் பள்ளியில் நடந்த சுவரொட்டிப் போட்டியில் கருகிப்போன நுரையீரல் ஒன்றை வரைந்து முதல் பரிசு வாங்கியவன் இவர் மகன்தான். சில வாரங்களில் அதே பையனின் புத்தகப் பையிலிருந்து லைட்டரும் பாதி காலியான சிகரெட் பெட்டியும் கிடைத்திருக்கின்றன. முதலில் "நண்பனுடையது" என்றவன், பிறகு "எப்போதாவது ஒன்றிரண்டுதான், நினைத்தால் விட்டுவிடுவேன்" என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். அன்றிரவே அவனை உட்காரவைத்து வாய்ப்புற்று நோயாளிகளின் வீடியோக்களை ஒரு மணிநேரம் காட்டியிருக்கிறார் தாய். அவன் சலனமின்றிப் பார்த்து முடித்துவிட்டு, "அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று மட்டும் சொல்லி எழுந்து போயிருக்கிறான். கணவர் பல ஆண்டுகளாகப் புகைப்பவர். பால்கனியில் நின்றுதான் புகைப்பார். அந்த இரவிலிருந்து மகன் சரியாகப் பேசுவதில்லை.

தாய் கேட்பவை இவை: எல்லாம் தெரிந்த பிள்ளை ஏன் இப்படிச் செய்தான்? இளவயதினரிடையே புகைப்பழக்கம் குறைந்துவிட்டது என்று படிக்கிறேனே, அது பொய்யா? விழிப்புணர்வுப் பிரசாரங்களால் பயனே இல்லையா? அவனுக்குத் தெரியாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்கலாமா? பள்ளித் தலைமையிடம் சொல்லிவிடலாமா? நிகோடின் பட்டை வாங்கி ஒட்டலாமா?

அன்புள்ள அம்மா,

"ஊருக்கு உபதேசம் செய்த நான் என் வீட்டில் தோற்றுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை சிகரெட்டைத் தொட்டதை வைத்துத் தாயின் வளர்ப்புக்கு மதிப்பெண் போட முடியாது. பெட்டி கைக்குக் கிடைத்ததும், அவன் பாதி உண்மையையாவது வாய்விட்டுச் சொன்னதும் உங்களுக்குச் சாதகமான விஷயங்கள். பல வீடுகளில் இது வெளிவரப் பல ஆண்டுகள் ஆகிறது.

உங்கள் மகன் அந்தச் சுவரொட்டியை வரைந்தபோது பொய் சொல்லவில்லை. புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பது அவனுக்கு உண்மையாகவே தெரியும். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தெரியும். அந்த ஆபத்து ஐம்பது வயதுக்காரருக்கு வருவது என்றும், அதற்கு வெகு முன்பே தான் விட்டுவிடப்போவதாகவும் அவர்கள் நம்புகிறார்கள். கணக்கு பிசகும் இடம் அதுதான். நண்பர்கள் வட்டத்தில் ஓர் இடம், பெரியவனாகிவிட்ட உணர்வு, தேர்வுக்கு முந்தைய பதற்றத்திலிருந்து ஐந்து நிமிட விடுதலை: இவையெல்லாம் இன்று மாலையே கையில் கிடைப்பவை. முப்பது ஆண்டு கழித்து வரக்கூடிய நோய் இவற்றோடு போட்டியிட்டு வெல்வது கடினம். திட்டமிடவும் தன்னை அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளைப்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. வெகுமதியைத் தேடும் பகுதியோ இப்போதே முழுவேகத்தில் இயங்குகிறது. ஒரு மணிநேர வீடியோ அவனிடம் சலனத்தை ஏற்படுத்தாததற்கு இதுதான் காரணம். கல்நெஞ்சம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எண்கள் பொய்யா?

பொய் இல்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் கடந்த 30 நாளில் ஒருமுறையாவது சிகரெட் பிடித்தவர்கள் 1997இல் 36.4 சதவீதம். 2021இல் அது 3.8 சதவீதம். இங்கிலாந்தில் 11 முதல் 15 வயதுக்குட்பட்டோரில் வாழ்நாளில் ஒருமுறையேனும் புகைத்துப் பார்த்தவர்கள் 1996இல் 49 சதவீதம், 2021இல் 12 சதவீதம். பொதுச் சுகாதாரத்தில் இப்படிப்பட்ட சரிவுகள் அரிது. ஆனால் அவற்றை எல்லா நாடுகளுக்கும் நீட்டிவிட முடியாது. உலகம் முழுவதும் 13 முதல் 15 வயதுக்குள் குறைந்தது 3 கோடியே 70 லட்சம் பிள்ளைகள் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எண்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. நூறு பேரில் நான்கு பேர்தான் என்றாலும் அந்த நான்கு பேருக்கும் ஒரு வீடும் ஒரு தாயும் உண்டு.

சிகரெட் இறங்கிய அதே காலத்தில் மின் சிகரெட் ஏறியது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2019இல் 27.5 சதவீத மாணவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். 2024இல் அது 7.8 சதவீதமாகக் குறைந்தது. "சிகரெட்டுக்குப் பதில் வேப் எடுத்துக்கொள்கிறேன்" என்று உங்கள் மகன் பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பல ஆண்டுகள் புகைத்து, விட முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்கு அது உதவுமா என்பது வேறு விவாதம். பதினைந்து வயது மூளைக்கு நிகோடின் எந்தக் குழாய் வழியாக வந்தாலும் நிகோடின்தான்.

பிரசாரங்களில் எது வேலை செய்தது?

உங்கள் பள்ளி நிகழ்ச்சியில் கறுத்த நுரையீரல் மாதிரி, உறுதிமொழி, ஊர்வலம் மூன்றும் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் புண்படாமல் கேளுங்கள்: மாணவர்களுக்கு முன்பே தெரிந்ததை இன்னொரு முறை தெரியப்படுத்துவதோடு அவை நின்றுவிடுகின்றன. தகவலை மட்டும் கொடுக்கும் பள்ளி நிகழ்ச்சிகள் பிள்ளைகளைப் புகையிலிருந்து காப்பதற்கு நல்ல சான்று கிடையாது. நண்பர்கள் நீட்டும்போது எப்படி மறுப்பது, மனஅழுத்தத்தை வேறு எப்படிச் சமாளிப்பது என்று திறன்களைப் பழக்கும் பாடத்திட்டங்கள் ஓரளவு பலன் தந்திருக்கின்றன. அவையும் எப்போதும் பலன் தருவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 40 பள்ளி மாவட்டங்களில், மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, மிகக் கவனமாக நடத்தப்பட்ட ஒரு திட்டத்தின் முடிவுகள் 2000இல் வெளிவந்தன. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் புகைப்பதில் வேறுபாடே தெரியவில்லை. பள்ளிச் சுவர்களுக்குள் மட்டும் இந்தச் சண்டையை ஜெயிக்க முடியாது.

அப்படியானால் எண்கள் எப்படிச் சரிந்தன? வரி உயர்ந்து விலை ஏறியது. விலை ஏறினால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பின்வாங்குபவர்கள் இளவயதினர்தான். விளம்பரங்கள் தடைசெய்யப்பட்டன. பொது இடங்களில் புகை விலக்கப்பட்டது. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா எல்லா சிகரெட்டுகளுக்கும் நிறுவன அழகு எதுவுமில்லாத ஒரே மங்கல் நிற உறையைக் கட்டாயமாக்கியது. இவற்றோடு சேர்ந்து வந்த சில நல்ல பிரசாரங்களும் தங்கள் பங்கைச் செய்தன.

அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு அதில் பாடம் இருக்கிறது. 1998இல் ஃபுளோரிடாவில் தொடங்கி, 2000இல் அமெரிக்கா முழுவதும் பரவிய 'ட்ரூத்' என்ற பிரசாரம் பிள்ளைகளிடம் "புகைக்காதே" என்று சொல்வதைத் தவிர்த்தது. புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வழக்குகளின் மூலம் வெளியே வந்திருந்த நேரம் அது. இறந்துபோகிற, விட்டுவிடுகிற வாடிக்கையாளர்களின் இடத்தை நிரப்ப இளையவர்களைத்தான் நம்பியிருக்கிறோம் என்று அந்த நிறுவனங்கள் தமக்குள் எழுதிக்கொண்டிருந்தன. பிரசாரம் அதை எடுத்துப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தது. நியூயார்க்கில் ஒரு புகையிலை நிறுவனத்தின் தலைமையகத்துக்கு வெளியே 1,200 பிணப் பைகளை இளைஞர்களே அடுக்கினார்கள். புகையிலையால் அந்நாட்டில் ஒரு நாளில் இறப்போரின் எண்ணிக்கை அது. பெரியவர்களை எதிர்க்க வேண்டும் என்ற அந்த வயதின் உந்துதல், சிகரெட்டை விற்கும் பெரியவர்கள் பக்கம் திரும்பியது. 1999க்கும் 2002க்கும் இடையே அமெரிக்க மாணவர்களிடையே புகைப்பழக்கம் 25.3 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் சரிவில் சுமார் 22 சதவீதம் இந்தப் பிரசாரத்தின் பங்கு என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மீதி மற்றவற்றின் வேலை.

இதே காலத்தில் புகையிலை நிறுவனங்களும் சிறுவர் புகைப்பதைத் தடுக்கும் விளம்பரங்களைத் தங்கள் செலவில் ஒளிபரப்பின. பிள்ளைகளிடம் பேசுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறும் விளம்பரங்களும் அவற்றில் இருந்தன. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோரை நோக்கிய அந்த விளம்பரங்களை அதிகம் பார்க்க நேர்ந்த மேல்வகுப்பு மாணவர்கள் புகையின் தீங்கைக் குறைவாக எண்ணியதையும், புகைக்கும் எண்ணம் அவர்களிடம் கூடுதலாக இருந்ததையும் கண்டது. இதை நிறுவனங்களின் தந்திரம் என்பவர்களும் உண்டு, தற்செயல் என்பவர்களும் உண்டு. என் வாசிப்பு வேறு: புகைப்பது பெரியவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பெரியவனாகத் துடிப்பவனுக்கு அது அழைப்பிதழாகிவிடுகிறது. "இந்த வயதில் உனக்கு இது தேவையா?" என்று நீங்கள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கேள்வியும் இந்த வகைதான்.

அடுத்த நிகழ்ச்சிக்கு யோசனை கேட்டிருந்தீர்கள். நுரையீரல் மாதிரியை இந்த முறை விட்டுவிடுங்கள். இளவயதினரைக் குறிவைத்து எழுதப்பட்ட அந்த நிறுவன ஆவணங்களைப் படித்து விவாதிக்கும் பொறுப்பை மேல்வகுப்பு மாணவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். உறுதிமொழியை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே புகைக்கும் மாணவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் கையை உயர்த்திப் பொய் சொல்ல நேர்கிறது. அதன் பிறகு உதவி கேட்க அவனுக்கு வாய் எழுவதில்லை.

ரகசியப் பரிசோதனை வேண்டாம்

நிகோடின் உடலில் கோட்டினின் என்ற பொருளாக மாறிச் சில நாட்கள் சிறுநீரில் தங்கும். பரிசோதனை அதைத்தான் தேடுகிறது. வார இறுதியில் புகைத்தவன் வியாழக்கிழமை தப்பிவிடலாம். அடுத்தவர் விடும் புகையைச் சுவாசித்தாலும் சிறிதளவு தென்படலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அவன் புகைக்கிறான் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அவனே சொல்லிவிட்டான். பரிசோதனை உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. ரகசியமாகச் செய்தது அவனுக்குத் தெரியவந்தால், இப்போது சொல்லும் பாதி உண்மையும் நின்றுபோகும்.

பள்ளியிடம் சொல்வதா?

பொறுப்பில் இருந்துகொண்டு மறைக்கிறேனே என்ற குற்றவுணர்வு உங்கள் எழுத்தில் தெரிகிறது. மகனின் உடல்நலத் தகவலைக் கழகத்தில் அறிவிக்கும் கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. பொறுப்பிலிருந்து விலகவும் வேண்டாம். முதலில் பள்ளியின் விதியைப் பெயர் குறிப்பிடாமல் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உதவி செய்யும் ஏற்பாடு இருந்து, ரகசியம் காக்கும் ஆலோசகரும் இருந்தால், மகனிடம் சொல்லிவிட்டு அவரை அணுகலாம். இடைநீக்கம்தான் வழி என்றால் அவசரப்படாதீர்கள். பள்ளியோடு பிணைப்பு அறுந்த பிள்ளையிடம் புகைப்பழக்கம் குறைவதைவிடக் கூடும் வாய்ப்பே அதிகம்.

சட்டமும் இந்தத் திசையில்தான் பார்க்கிறது. 2005இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலகளாவிய உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, சிறாருக்குப் புகையிலை விற்பதைத் தடைசெய்யுமாறு கையெழுத்திட்ட நாடுகளைக் கேட்கிறது. அது சுட்டுவது விற்பவரை. சில நாடுகளில் சிறாரையே தண்டிக்கும் விதிகளும் உண்டு என்பதால் உங்கள் பகுதியின் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். புகார் கொடுப்பதாக இருந்தால் விற்றவர் மீது கொடுங்கள். யாரிடம் வாங்கினான் என்பதை அவனை மிரட்டி வாங்க வேண்டாம். பேச்சு சீரானால் அவனே சொல்வான்.

கணவர் விஷயம்

"அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாக்கியத்துக்கு நீங்கள் பதில் சொல்லாமல் தவித்திருக்கிறீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர். 2012இல் தாய்லாந்தில் ஒரு பிரசாரப் படம் எடுத்தார்கள். கையில் சிகரெட்டோடு சில சிறுவர்கள், தெருவில் புகைத்துக்கொண்டிருந்த பெரியவர்களிடம் போய் நெருப்புக் கேட்கிறார்கள். பெரியவர்கள் கொடுக்க மறுத்து, புகையின் கெடுதல்களை அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். சிறுவர்கள் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு நகர்கிறார்கள்: என்னைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள் உங்களைப் பற்றி ஏன் கவலைப்படவில்லை என்ற கேள்வி அதில் இருக்கிறது. உங்கள் மகன் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். துடுக்குத்தனமாக ஒலித்தாலும் அது நியாயமான கேள்வி.

கணவர் இனி ஒளிந்து புகைப்பதால் ஒன்றும் மாறாது. எந்த வயதில் தொடங்கினார், எத்தனை முறை விட முயன்று தோற்றார், காலையில் எழுந்ததும் உடல் என்ன கேட்கிறது என்பதை அவர் வாயாலேயே மகனிடம் சொல்லட்டும். முதல் சிகரெட்டை எடுக்கும்போது "நினைத்தால் விட்டுவிடுவேன்" என்றுதான் அவரும் நினைத்திருப்பார். அதன் பிறகு விடும் முயற்சியை அவர் தொடங்குவது உங்கள் அறிவுரை நூறுக்குச் சமம். பெற்றோர் விட்டுவிட்ட வீடுகளில் பிள்ளைகள் புகைப்பது குறைகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அவர் முதல் முயற்சியில் தோற்றால்கூட, அந்தத் தோல்வியை மகன் பார்ப்பதில் தவறில்லை. நிகோடின் எப்படிப் பிடித்துவைக்கும் என்பதை அதைவிட நேராக யாரும் காட்ட முடியாது. வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் புகை இல்லை என்ற விதி மூவருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

மகனிடம் எப்படிப் பேசுவது?

அந்த வீடியோ இரவைப் பற்றி ஒரே வரி போதும்: "பயந்துபோய் அப்படிச் செய்தேன், இனி செய்ய மாட்டேன்." பிறகு கேள்விகள், பதிலுக்கு இடம்விட்டு. எந்த நேரத்தில் தோன்றுகிறது? யாரோடு இருக்கும்போது? பிடித்தால் என்ன கிடைக்கிறது? 'கெட்ட சகவாசம்' என்று தொடங்காதீர்கள். அந்த நண்பர்களைக் காப்பாற்றப் போய் அவன் சிகரெட்டையும் சேர்த்துக் காப்பாற்றத் தொடங்குவான்.

பதற்றம் தணிகிறது என்று அவன் சொன்னால், ஒரு விஷயத்தை அவனுக்கு விளக்குங்கள். கொஞ்சம் அறிவியல் ஆர்வமுள்ள பிள்ளை என்கிறீர்கள், பிடித்துக்கொள்வான். உடலில் நிகோடினின் அளவு இரண்டு மணிநேரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பழகிய மூளைக்கு அப்போது எரிச்சலும் படபடப்பும் வருகின்றன. அடுத்த சிகரெட் அந்தப் படபடப்பைத்தான் தணிக்கிறது. அதாவது முந்தைய சிகரெட் உண்டாக்கிய தொல்லையைத் தீர்த்துவிட்டு நன்றி வாங்கிக்கொள்கிறது. புற்றுநோய்ப் படத்தைவிட இந்த ஏமாற்று அவனை உறுத்தக்கூடும். மூச்சு வாங்குவதால் விளையாட்டில் பின்தங்குவது, விரலிலும் உடையிலும் ஒட்டும் நாற்றம், கைச்செலவுப் பணம் கரைவது போன்ற இன்றைய இழப்புகளையும் பேசுங்கள். நீட்டுகிற நண்பனிடம் என்ன சொல்லி மறுப்பான் என்பதை அவனுடைய சொற்களிலேயே யோசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக்கொடுக்கும் வசனம் அவன் வட்டத்தில் செல்லாது.

மாலை நேரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதையும் பாருங்கள். ஐஸ்லாந்தில் 15, 16 வயதினரில் தினமும் புகைப்பவர்கள் 1998இல் 23 சதவீதம். 2016இல் 3 சதவீதம். அங்கே மையமாக இருந்தவை அச்சுறுத்தும் படங்கள் அல்ல. பிள்ளைகளுக்கு விளையாட்டும் கலையும் கிடைக்கச் செய்தார்கள், பெற்றோரோடு கழியும் நேரத்தைக் கூட்டினார்கள், பெற்றோர்களே ஒருவருக்கொருவர் பேசி இரவு நேரக் கட்டுப்பாடுகளை ஒன்றுபோலக் கடைப்பிடித்தார்கள். பெற்றோர் கழகத்தில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கடைசி விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

"ஒன்றிரண்டுதான்" என்ற பேச்சும் மருத்துவமும்

ஒன்றிரண்டு சிகரெட்டுக்கு அடிமையாக முடியாது என்பது பரவலான நம்பிக்கை. தினமும் புகைக்காத இளவயதினரிடமும், சிலரிடம் தொடங்கிய சில வாரங்களிலேயே, கட்டுப்பாடு இழக்கும் அறிகுறிகள் தென்படுகின்றன. முயன்றும் விட முடியாமல் போனதுண்டா, கிடைக்காதபோது எரிச்சல் வருகிறதா, புகைக்கக் கூடாத இடத்தில் அடக்கிக்கொள்வது கஷ்டமாக இருக்கிறதா: இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே பிடி இறுகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். எழுந்த அரைமணிக்குள் தேடுகிறான் என்றால் இன்னும் ஆழம். மறுபக்கம், நீங்கள் பயப்படுவதுபோல 'வாழ்க்கை போய்விட்டது' என்பதும் இல்லை. நிறுத்தினால் எரிச்சல், தூக்கக் குலைவு, கவனச் சிதறல் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாட்களில் தேர்வு வராமல் ஒரு தேதியை அவனே குறிக்கட்டும். அந்த வாரங்களில் அவன் கதவை அறைந்து சாத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்.

நிகோடின் பட்டையை நீங்களே வாங்கி ஒட்ட வேண்டாம். பெரியவர்களிடம் நன்கு பயன்படும் அந்தச் சிகிச்சைக்கு இந்த வயதில் சான்று குறைவு. பிடி ஆழமாக இருந்தால் மருத்துவர் அளவு பார்த்துத் தருவார். பெரியவர்களுக்குத் தரும் மாத்திரைகள் பதினெட்டு வயதுக்குட்பட்டோரிடம் நம்பகமான பலனைக் காட்டவில்லை. இவனுக்கு முதல் சிகிச்சை ஆலோசனைதான், பல அமர்வுகளாக.

அவனே நிறுத்த முயன்று இரண்டு முறை தவறினாலோ, தொடர்ந்து மனம் சோர்ந்திருந்தாலோ, வேறு போதைப் பொருள் கலந்திருப்பதாகத் தோன்றினாலோ, ஆஸ்துமா இருந்தாலோ காத்திருக்காமல் அழைத்துச் செல்லுங்கள். சாகலாம்போல இருக்கிறது என்ற பேச்சு எழுந்தால் அன்றே. மருத்துவரின் அறைக்குள் முதல் பத்து நிமிடம் மூவரும் இருங்கள், பிறகு நீங்களும் கணவரும் வெளியே வந்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலொழிய அவன் சொல்வதை மருத்துவர் உங்களிடம் சொல்லமாட்டார் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். திரும்பும் வழியில் உள்ளே என்ன பேசினாய் என்று கேட்க வேண்டாம்.